தேர்வறையில் அடித்த லாரி ஹாரன்

நான் ஒரு பெண்ணைத் தெரிந்தே ஃபெயிலாக்கினேன். அவள் வேலையை ஒழுங்காகச் செய்து முடித்திருந்தாள் என்பது எனக்குத் தெரியும். அன்று காலை நான் குளித்ததே அவள் செய்து வைத்திருந்ததால்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால் சொல்லாமலே விட்டுவிடுகிற ஆள் நான்.

அரசுக் கல்லூரியில் கணிதம் நடத்தி ஓய்வு பெற்றவன். படூரில் ஓர் அடுக்ககத்தில் பி பிளாக்கில் குடியிருக்கிறேன். ஓய்வுக்குப் பிறகு குடியிருப்போர் சங்கக் கூட்டங்களில் எழுந்து நின்று பேச ஆரம்பித்தேன். என் மனைவிக்குப் பயம் வந்துவிட்டது. "எங்கேயாவது வேலைக்குப் போய்ப் பேசிட்டு வாங்க, அவங்க சம்பளமாவது தருவாங்க" என்றாள்.

செங்கல்பட்டை ஒட்டி ஒரு தனியார் பொறியியல் கல்லூரி என்னைச் சேர்த்துக்கொண்டது. ஆய்வுக் குழு வரும்போது காட்டுவதற்கு அவர்களுக்கு முனைவர் பட்டங்கள் தேவைப்பட்டன. என் பட்டம் கணிதத்தில் ஃபஸி செட் எனப்படும் தெளிவற்ற கணங்களைப் பற்றியது. பட்டம் கணிப்பொறித் துறைச் சுவரில் மாட்டப்பட்டது. அதன் பின்னாலேயே நானும் போனேன். எனக்குக் கொடுத்த பாடம் கிளவுட். ஒரு சேவையைக் கட்டி, எங்கோ இருக்கும் சர்வரில் ஏற்றி, ஊரில் யார் வேண்டுமானாலும் போனில் திறந்து பயன்படுத்தும்படி செய்வது எப்படி என்று மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

"சார், எனக்கு இதுல ஒண்ணும் தெரியாதே" என்றேன் துறைத்தலைவரிடம். என் மகன் வயதுக்காரர்.

"அதெல்லாம் பிபிடி ஸ்லைடு இருக்கு சார்" என்றார்.

அந்தப் பாடத்தை நடத்திக்கொண்டிருந்த இளைஞர் சிறுசேரியில் ஒரு கம்பெனிக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு வந்தவரும் அதே கம்பெனிக்குப் போனார். எந்தக் கம்பெனியும் கூப்பிடாத ஒருவர் இனிமேல் தேவை என்று நிர்வாகம் முடிவு செய்திருக்க வேண்டும். எனக்கு எழுபது நெருங்கிக்கொண்டிருந்தது.

இட்லி மாவை வைத்துத்தான் கிளவுடை விளக்கினேன். வீட்டில் மாவரைப்பது ஒரு வகை. கடையில் பாக்கெட் மாவு வாங்கி நாமே ஊற்றிக்கொள்வது இரண்டாம் வகை. ஓட்டலில் உட்கார்ந்து இட்லியே வாங்கிச் சாப்பிடுவது மூன்றாம் வகை. எனக்குப் பெருமையாக இருந்தது. கடைசி வரிசையில் ஒருவன் எழுந்து, "சார், அப்போ சட்னி எது?" என்றான்.

பக்கத்தில் இருந்தவன், "டேய், சட்னி தனி சார்ஜ்டா மச்சான்" என்றான்.

இப்போது யோசித்தால் அன்று அந்த வகுப்பில் சொல்லப்பட்டவற்றில் உண்மைக்கு மிக அருகில் இருந்தது அதுதான். நான் அவனை வெளியே அனுப்பினேன்.

இத்தனைக்கும் நான் ஒரே ஒரு சேவையைக்கூட எங்கும் ஏற்றியதில்லை. சொல்லிக்கொடுத்த நாலு வருஷமும் அது எனக்கு ஒரு குறையாகவே தெரியவில்லை. காரணம், எங்கள் கல்லூரியின் செய்முறைத் தேர்வு. தேர்வன்று மாணவர்கள் காப்பியடிக்கக் கூடாது என்பதற்காக எல்லா லேபிலும் இணையத்தைத் துண்டித்துவிடுவார்கள், மாணவர்களின் போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். சி மொழிக்கும் அதே சட்டம், கிளவுடுக்கும் அதே சட்டம். நீச்சல் போட்டியன்று யாரும் மூழ்கிவிடக் கூடாதே என்று குளத்தை இறைத்துவிடுவது மாதிரி.

முதல் வருஷம் நான் தேர்வுப் பிரிவுக்குப் போய், "இணையம் இல்லாமல் கிளவுட் தேர்வு எப்படி?" என்று கேட்டேன். "போன வருஷம் எல்லாரும் பாஸ் சார்" என்றார் அங்கிருந்தவர். அதற்கு மேல் கேட்க எனக்குத் தோன்றவில்லை.

எல்லாரும் பாஸானது எப்படி என்பதைப் பழைய மாணவர்களிடம் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். வெளியே ஏற்ற வேண்டிய சேவையை அந்த மேசைக் கணினிக்குள்ளேயே ஓட்டிவிடுவார்கள். மேலே முகவரிப் பட்டையில் லோக்கல்ஹோஸ்ட் என்று தெரியும். அதாவது இதெல்லாம் இந்தப் பெட்டிக்குள்தான் நடக்கிறது, வெளியே எங்கும் போகவில்லை என்று அர்த்தம். எஃப் லெவன் விசையை அமுக்கினால் பக்கம் திரை முழுக்க விரியும், முகவரிப் பட்டை மறைந்துவிடும். எக்ஸ்டர்னல், அதாவது வேறு கல்லூரியிலிருந்து வரும் தேர்வாளர், படத்தைப் பார்த்துத் தலையாட்டுவார். மற்ற கல்லூரிகளிலும் இதேதானா என்று எனக்குத் தெரியாது. ஆனால் வந்த எக்ஸ்டர்னல்களில் ஒருவர்கூட முகவரியைக் காட்டு என்று கேட்டதில்லை.

அடுத்த வருஷத்திலிருந்து எஃப் லெவனை வகுப்பிலேயே சொல்லிக்கொடுத்தேன். என் பாடத்திட்டத்தில் நான் முழுமையாகக் கற்பித்த ஒரே பகுதி அதுதான்.

இனி அந்தப் பெண். திருப்போரூர் சாலையில் உள்ளே தள்ளி ஒரு கிராமத்திலிருந்து பஸ்ஸில் வருவாள். இறுதியாண்டு. சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனி அவளுக்கு வேலை கொடுத்திருந்தது. அரியர் ஒன்றுகூட இல்லாமல் ஜூன் மாதம் சேர வேண்டும், இருந்தால் வேலை இல்லை என்பது நிபந்தனை. அவர்கள் தெருவில் அப்படி ஒரு வேலைக்குப் போகும் முதல் ஆள் அவள் என்று துறைத்தலைவரே மேடையில் சொல்லி, சால்வை போட்டுப் படமெடுத்து, கல்லூரி வாசலில் பேனர் வைத்திருந்தார்.

புராஜெக்ட் தலைப்பு கேட்டபோது எல்லாரும் ஓட்டல் மேலாண்மை, நூலக மேலாண்மை என்று எழுதிக் கொடுத்தார்கள். பத்து வருஷமாக அதே ஓட்டல், அதே நூலகம். இவள் மட்டும் வகுப்பு முடிந்து வராந்தாவில் வந்து நின்றாள்.

"தண்ணி லாரி சார்."

"தண்ணி லாரி என்னம்மா?"

"எங்கப்பா லாரி ஓட்டுது சார். எந்த அபார்ட்மென்டுக்கு எப்போ வரும்னு எல்லாரும் போன் பண்ணிகினே இருப்பாங்க. அதுக்கு ஒண்ணு பண்ணிகீறேன்."

நான் என் போனை எடுத்து, அதிலிருந்த தண்ணி லாரி செயலியைத் திறந்து காட்டினேன். எங்கள் சங்கச் செயலாளர் எல்லார் போனிலும் அதை ஏற்றச் சொல்லி மாதக்கணக்காகியிருந்தது. லாரி எங்கே வருகிறது என்று அதில் தெரியும். கேளம்பாக்கத்தைத் தாண்டியதும் போனிலிருந்து லாரி ஹாரன் அடிக்கும். அதைக் கேட்டுத்தான் எங்கள் பிளாக்கில் பாதிப் பேர் குளிக்கப் போவார்கள்.

"ஐயோ, பி பிளாக்கா சார் நீங்க?" என்று சிரித்தாள். "உங்க பிளாக்கு ஆளுங்கதான் ரொம்ப பேஜாரு பண்றாங்கன்னு அப்பா சொல்லும். அந்த ஹாரன் எங்கப்பா வண்டிதுதான். ரெக்கார்டு பண்ணேன்."

உண்மையாகவே வெளியே ஏற்றப்பட்டு, உண்மையாகவே மக்கள் பயன்படுத்துகிற ஒரு சேவையை என் மாணவர்களில் ஒருத்தி செய்திருந்தாள். என் வகுப்பால் அல்ல என்பது இருவருக்கும் தெரியும்.

தேர்வுக்கு முந்தின நாள் மறுபடி வந்தாள். "சார், நாளைக்கு நெட்டு கட் பண்ணிட்டா என்னோடது வராது."

"எல்லாரும் பண்ற மாதிரி நீயும் பண்ணிடும்மா. உள்ளேயே ஓட்டி, எஃப் லெவன் அமுக்கிடு."

"நெசமா ஓடிகினு இருக்கறத எதுக்கு சார் பொய்யா ஓட்டணும்?"

எனக்குச் சுருக்கென்றது. அதை மறைக்க, "சரி சரி, நான் இருக்கேன்ல, பாத்துக்கறேன்" என்றேன். அந்த வாக்கியத்தை நம்பித்தான் அவள் மறுநாள் தேர்வறைக்கு வந்தாள்.

எக்ஸ்டர்னல் நல்ல மனிதர். வந்ததும், "மதியம் மாமல்லபுரம்தானே சார்?" என்று கேட்டார். எக்ஸ்டர்னலைக் கடற்கரைக்கு அழைத்துப்போய் மீன் சாப்பாடு போடுவது எங்கள் துறை வழக்கம். அதனால் காலையிலேயே அவர் எல்லாருக்கும் நல்லவராக இருந்தார். ஓட்டல்கள் முழுத்திரையில் விரிந்தன. நூலகங்கள் விரிந்தன. "குட், நெக்ஸ்ட். வெரி குட், நெக்ஸ்ட்."

இவள் முறை வந்தது. திரையில், இணையம் இல்லாவிட்டால் வருமே, அந்தக் குட்டி டைனோசர் நின்றுகொண்டிருந்தது.

"என்னம்மா இது, கேம் புராஜெக்டா?"

பின்னால் சிரித்தார்கள்.

"இல்ல சார். நெட்டு குடுத்தா வரும் சார். இப்பவும் ஓடிகினுதான் கீது."

"எங்க ஓடுது?"

"கிளவுட்ல சார்."

"எல்லாரோடதும் கிளவுட்லதானேம்மா ஓடுது? அவங்களுக்கெல்லாம் வருதே!"

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். மற்றவர்கள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். அவள் ஒரு சொல் சொன்னால் அத்தனை பேரும் மாட்டுவார்கள். அவள் சொல்லவில்லை. என்னைப் பார்த்தாள்.

அப்போதுதான் என் சட்டைப் பையில் லாரி ஹாரன் அடித்தது.

சாதாரண ஹாரன் அல்ல. ஜி.எஸ்.டி. சாலையில் முன்னால் போகிற ஆட்டோக்காரன் துள்ளி ஒதுங்குகிற ஹாரன். அன்றைய இரண்டாவது நடை லாரி கேளம்பாக்கத்தைத் தாண்டிவிட்டது. அவள் சொன்னதற்குச் சாட்சி என் பையில் இருந்து கத்திக்கொண்டிருந்தது. எடுத்து மேசையில் வைத்து, "இதுதான் சார் இந்தப் பொண்ணோட புராஜெக்ட்" என்று சொன்னால் போதும்.

"யார் போன்?" என்றார் எக்ஸ்டர்னல்.

"என்னுதுதான். மன்னிக்கணும்" என்று அணைத்தேன்.

"என்ன சார் ரிங்டோன், இந்த வயசுல!" என்றார். அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் டைனோசரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவுட்புட் இல்லை என்று எக்ஸ்டர்னல் எழுதினார். அதன் கீழே உள்தேர்வாளராக நான் கையெழுத்துப் போட்டேன்.

மாமல்லபுரத்தில் கடலைப் பார்த்த ஒரு கீற்றுக் கொட்டகையில் வஞ்சிரம் வந்தது. மதிப்பெண் தாளை நாங்கள் இன்னும் உறையில் போட்டு ஒட்டியிருக்கவில்லை. காற்றில் பறந்துவிடாமல் இருக்க அதன்மேல் எலுமிச்சைத் தட்டை வைத்திருந்தேன். எக்ஸ்டர்னல் முள்ளை ஒதுக்கியபடியே கேட்டார்:

"சார், அந்தக் கடைசிப் பொண்ணு... நெசமாவே மேல ஏத்தியிருக்குமோ? மூஞ்சிய பாத்தா பொய் சொல்ற மாதிரி இல்லயே. நீங்க எப்பவாவது பாத்திருக்கீங்களா?"

கெட்ட மனிதராக இருந்திருந்தால் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்க மாட்டார். நான் ஆமாம் என்றால் தாளைத் திருத்துவார். ஆனால் உடனே அடுத்த கேள்வி வரும்: அப்படியானால் மற்றவர்களுடையது எப்படி இணையமே இல்லாமல் ஓடியது? அதற்கடுத்த கேள்வி என்னிடம் வரும்.

"தெரியல சார். பாத்ததில்ல" என்றேன். "மீன் எப்படி?"

"ஃபர்ஸ்ட் கிளாஸ்" என்றார்.

முடிவுகள் வந்தபோது அவளுக்கு ஒரே ஒரு அரியர், என் பாடத்தில். பேனரைக் கழற்றினார்கள். கழற்றியதற்குக் காரணம் கேட்ட வாட்ச்மேனிடம் "காத்துல கிழிஞ்சிடுச்சு" என்று சொல்லச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அடுத்த தேர்வு நவம்பரில்தான். கம்பெனி ஜூனைத் தாண்டிக் காத்திருக்காது. அவள் என்னிடம் வரவில்லை. வருவாள், அழுவாள், "போகட்டும்மா, வாழ்க்கையில இதெல்லாம் ஒரு அனுபவம்" என்று சொல்லலாம் என்று நான் ஒரு சின்ன உரையே தயார் செய்து வைத்திருந்தேன். இதையும் எழுதிவிடுகிறேன்.

வந்தது அவள் அப்பா. வந்தது என்றால், வழக்கம்போல் லாரியோடு எங்கள் அடுக்ககத்துக்கு வந்தார். காலை நேரம். தரைத்தொட்டிக்குள் குழாயை இறக்கிவிட்டு, பால் வாங்கித் திரும்பிக்கொண்டிருந்த என்னிடம் வந்தார். வேட்டியும் தோளில் துண்டுமாக இருந்தேன்.

"சார், நீங்கதான் காலேஜி வாத்தியாராமே? செயலாளர் சொன்னாரு. எம் பொண்ணு உங்க காலேஜிதான் சார். ஃபெயிலாயிகினு வந்து நிக்குது."

"ம்."

"எல்லாம் இந்தப் போனுதான் சார். லாரி வருது லாரி வருதுன்னு எந்நேரமும் அதையே நோண்டிகினு இருந்தா எங்க படிக்கறது? ரெண்டு வாரமா நான் அதுங்கூட பேசறதே இல்ல. நீங்க ஒரு வார்த்த கண்டிச்சி சொல்லுங்க சார். அத வுட்டுட்டு ஒழுங்கா படிக்கச் சொல்லுங்க. வாத்தியாரு சொன்னா கேக்கும்."

எனக்குத் துணிச்சல் வந்தது என்று எழுத ஆசைதான். உண்மை என்னவென்றால், இவ்வளவு மரியாதையாக ஒரு மனிதர் என் பொய்யைத் தன் மகள் தலையில் வைப்பதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"உங்க பொண்ணு சரியாத்தான் பண்ணியிருந்துச்சு. எனக்குத் தெரியும். நான்தான் சொல்லாம விட்டுட்டேன்."

மோட்டார் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. "இன்னா சார்?"

இன்னும் உரக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. பி பிளாக் பால்கனிகளில் பல்துலக்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அவர் மோட்டாரை நிறுத்தினார்.

"அப்போ அது தப்பு எதுவும் பண்ணலியா?"

"இல்ல."

"ரெண்டு வாரம் நான் பேசாம கீறனே சார்."

அவர் குழாயை வெளியே இழுத்துச் சுருட்ட ஆரம்பித்தார். தொட்டி பாதிகூட நிரம்பவில்லை. "யோவ், எங்க போற?" என்று மாடியிலிருந்து ஒருவர் கத்தினார்.

"என்னாண்ட சொல்லி இன்னா சார் பிரயோஜனம்? வந்து அதாண்ட சொல்லு. ஏறு வண்டில."

மரியாதை போய்விட்டிருந்தது. நியாயம்தான். பால் பாக்கெட்டோடு ஏறினேன்.

அவர்கள் வீட்டு வாசலில் அந்தப் பெண் போனில் யாருக்கோ, "வண்டி இப்போ எங்க கீதுன்னு அதுலயே தெரியும்ணா, பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். லாரியிலிருந்து நான் இறங்குவதைப் பார்த்துப் போனை வைத்தாள். அவள் அம்மாவும் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்துவிட்டார்கள். எல்லார் முன்னாலும் சொன்னேன்.

"தெரியும் சார். ஹாரன் கேட்டுச்சே" என்றாள்.

"அப்போ அன்னிக்கே வந்து ஏன் எங்கிட்ட சொல்லல நீ?" என்றார் அப்பா.

"சொன்னா நீ காலேஜில வந்து கத்துவ. எல்லாப் பசங்களும் மாட்டுவாங்க. அவங்கள எஃப் லெவன் அமுக்க வச்சதே சார்தான்." பிறகு என் பக்கம் திரும்பி, "இங்க சொல்லி இன்னா சார் ஆவப் போவுது? ஆபீசுல சொல்லுங்க" என்றாள்.

மூன்று பேரும் லாரியிலேயே போனோம். வண்டியில் மீதியிருந்த தண்ணீர் அடுத்துப் போக வேண்டியது எங்கள் கல்லூரி விடுதிக்குத்தானாம். வாசலில் காவலாளி லாரிக்குச் சலாம் வைத்துக் கேட்டைத் திறந்தான். வேட்டியில் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து, "பெரியவரே, ஐடி கார்டு?" என்றான்.

"நம்ம ஆளுதாம்பா, வுடு" என்றார் அப்பா.

துறைத்தலைவர் அறையில் எல்லாவற்றையும் சொன்னேன். டைனோசரை, ஹாரனை, வஞ்சிரத்தை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சார், பி.பி. மாத்திரை போட்டீங்களா?" என்றார்.

"நான் சொல்றது உண்மை."

"உண்மைதான் சார், யாரு இல்லன்னா? ஆனா ரிசல்ட் வந்தாச்சு. இப்ப தொட்டா எல்லாரோடதையும் தோண்டுவாங்க. அத்தனை பசங்க எதிர்காலம். ஒரு பொண்ணுக்காக... நவம்பர்ல எழுதட்டுமே."

என் வாக்குமூலத்தின் எடை அவ்வளவுதான். அப்போது விடுதிக் காப்பாளர் ஓடி வந்தார். "சார், ஹாஸ்டல் டேங்க் காலையிலேருந்து காலி. லாரி வந்து நிக்குது, ஆனா தண்ணி விட மாட்டேங்கறான்."

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். அப்பா பானட்டில் சாய்ந்து பீடி பற்றவைத்துக்கொண்டிருந்தார். துறைத்தலைவர் கீழே இறங்கிப் போனார், நானும் போனேன்.

"தண்ணி குடுக்க மாட்டேன்னு நான் சொல்லவே இல்ல சார்" என்றார் அப்பா. "பொண்ணு வேல ஆவட்டும். அப்பால வுடறேன்."

"வேற லாரி கூப்பிடுவோம்" என்றார் காப்பாளர்.

"கூப்புடு நைனா. எல்லாம் எங்க பசங்கதான். நம்பர் வேணுமா, எம் பொண்ணோடதுல கீது."

மே மாத வெயில். விடுதி மாடியில் பையன்கள் காலி வாளிகளோடு எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கீழே இறங்கினால் அவர்கள் ஜி.எஸ்.டி. சாலையில்தான் போய் உட்காருவார்கள் என்பது துறைத்தலைவருக்குத் தெரியும். அவர் மேலே போய்த் தேர்வுப் பிரிவோடு பேசினார். தொழில்நுட்பக் கோளாறால் பாதிக்கப்பட்ட மாணவருக்குச் சிறப்பு மறுதேர்வு என்று ஒரு விதி இருப்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. உத்தரவு கையில் வந்ததும் அவள் படித்துப் பார்த்து அப்பாவுக்குத் தலையாட்டினாள். அவர் மோட்டாரைப் போட்டார்.

மறுநாள் துறைத்தலைவர் அறையில் தேர்வு. அந்த ஓர் அறைக்கு மட்டும் இணையம் கொடுத்தார்கள். வேறொரு எக்ஸ்டர்னல் வந்திருந்தார். அவள் திறந்தாள். படத்தில் லாரிகள் சிறிய நீலப் புள்ளிகளாக நகர்ந்துகொண்டிருந்தன. எக்ஸ்டர்னல் நிறையக் கேட்டார். ஒரே நேரத்தில் எல்லாரும் திறந்தால் என்ன ஆகும், சர்வர் விழுந்தால் என்ன செய்வாய் என்றெல்லாம். அவள் சொன்ன பதில்களில் பாதி எனக்குப் புரியவில்லை. அவருக்குப் புரிந்தது. மதிப்பெண்ணைப் போட்டுவிட்டுத் தாளை என் பக்கம் நகர்த்தினார். நான் பேனா மூடியைத் திறந்தேன்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் அவள் துறைத்தலைவரிடம். "கையெழுத்து வேற யாராவது போடட்டும்."

துறைத்தலைவருக்குச் சங்கடமாகிவிட்டது. "ஏம்மா அப்படி? சார்தானே உனக்காக வந்து பேசினாரு?"

"வந்தாரு சார்" என்றாள். "எங்கப்பா லாரில."

பக்கத்து அறையிலிருந்து, அந்த வாரம்தான் வேலைக்குச் சேர்ந்திருந்த ஓர் இளைஞரைக் கூப்பிட்டார்கள். அவர் தாளை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம், "எங்க சார் போடணும்?" என்று கேட்டார். நான் இடத்தைக் காட்டினேன்.